உறைந்த வாசலும் ஒரு கலியாணக் காரும்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பத்து வருடங்களுக்கு மேலாக வேகக் கார்களை ஓட்டியும் அவற்றின் சில்லுகளைத் தூக்கிக் கழற்றிப் பூட்டியும் உழைத்த முதுகு, இனி ஏலாது என்றுவிட்டது. இப்போது ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மேசை வேலை. ஆனாலும் குளிர் தொடங்கினால் என் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். நான் விட்டுவந்த நிர்மலா அக்காவின் வாடகைக் கார் இடத்தில் புதிதாகச் சேர்ந்த சாரதிகள் அழைப்பு எடுப்பார்கள். இந்த முறை எடுத்தவள் ஒரு பெண்.

"அக்கா, லண்டனில வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டுதரம்தானே ஸ்னோ கொட்டுது. விண்டர் டயர் உண்மையா வேணுமே, இல்லாட்டி நிர்மலா அக்காவுக்கு உங்களிட்ட இருந்து தொத்தின வருத்தமோ?"

தொலைபேசியில் சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன். அவளுக்கும் அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் நீளமான பதில் இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்ததால் பள்ளிக்கூட வாசலையே காணாதவர். ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிற ஒரே சான்றிதழ் என்னுடையது. மோட்டார் வாகனத் தொழில்நுட்பம். கணக்காளராக வரவேண்டிய பிள்ளை காருக்குக் கீழே படுக்கிறாளே என்று கோயிலில் சிலர் அம்மாவிடம் துக்கம் விசாரித்ததுண்டு. அம்மா அவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்து சான்றிதழைக் காட்டித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார்.

படித்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பிறகு ஒரு டயர் கடையில் வேலை பழகினேன். குளிரில் கைகள் வெடித்தன. தேர்வில் முதலாவதாக வந்தேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு நிர்மலா அக்காவிடம் சேர்ந்தேன். ஹவுன்ஸ்லோவில், விமானங்கள் கூரையை உரசுவதுபோல இறங்கும் ஒரு கைத்தொழிற்பேட்டையில் அவருக்கு இரண்டு கராஜ்கள் இருந்தன. கலியாணம், சாமத்திய வீடு, அறுபதாவது பிறந்தநாள் என்று எங்கள் ஆட்களுக்கு வந்து இறங்க ஒரு வேகக் கார் வேண்டும். அதை வாடகைக்கு விடுவதுதான் தொழில். காரின் திறப்பை யாரிடமும் கொடுப்பதில்லை. எங்கள் சாரதியோடுதான் கார் போகும்.

நிர்மலா அக்காவுக்கு டயரைப் பற்றியோ எஞ்சினைப் பற்றியோ ஒன்றும் தெரியாது. தெரிந்ததுபோலக் காட்டிக்கொண்டதும் இல்லை. ஒரு காதில் ஒரு தொலைபேசி, மற்றக் கையில் இன்னொன்று. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார். பிறகு தொலைபேசியைத் தோளில் அமத்திக்கொண்டு சாரதியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "போவியா, மாட்டியா?" மாட்டேன் என்றால் காரணம் கேட்கமாட்டார். அப்படியே திரும்பி வாடிக்கையாளரிடம் ஏலாது என்றுவிடுவார். போவேன் என்று சொல்லிவிட்டாலோ, திரும்பி வரும்வரை எங்களுக்கு அழைப்பு எடுக்கவே மாட்டார். தொலைபேசி அடித்தால் கார் ஓடுகிறவரின் காலுக்கு அவசரம் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. காரணம் கேட்காத முதலாளியிடம் பொய்க் காரணம் சொல்லித் தப்ப முடியாது என்பதை நாங்கள் மெதுவாகத்தான் விளங்கிக்கொண்டோம். மாட்டேன் என்று சொல்வதற்கு முன் நாங்களே எங்களை இரண்டு தரம் கேட்டுக்கொள்வோம்.

எங்கள் வெள்ளைக் கார்தான் எல்லோரும் கேட்கிற கார். தாழ்ந்த மூக்கு, நீளமான பொனட், பலம் முழுவதும் பின்சில்லுகளுக்குப் போகிற வகை. அதற்கு விண்டர் டயர் வேண்டும் என்று நான் கேட்ட முதல் மாரியில், இருக்கிற டயர் புதிதுதானே, அதற்கு என்ன குறை என்றார் அக்கா. குறை ஒன்றும் இல்லை. வேகக் காருக்கு வருகிற கோடை டயரின் ரப்பர் வெயிலில் தார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். வெப்பநிலை ஏழு பாகைக்குக் கீழே போனால் அதே ரப்பர் விறைத்துவிடும். ஸ்னோ கொட்டவேண்டும் என்றே இல்லை, குளிர் மட்டும் போதும். டயர் கடையில் இருந்து ஒரு பழைய விண்டர் டயரைக் கொண்டுவந்து எங்கள் கோடை டயருக்குப் பக்கத்தில் இரவு முழுக்க வெளியே விட்டேன். காலையில் அக்காவை வரச்சொல்லி இரண்டிலும் நகத்தால் அழுத்தச் சொன்னேன். ஒன்று பலகை மாதிரி இருந்தது. மற்றது பாத்ரூம் செருப்பு மாதிரி அமுங்கியது. "வாங்கு," என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டயரின் பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு எழுத்துகளைப் பார்த்து ஏமாறவேண்டாம். நாலு சில்லுக்கும் ஒரே டயர் போடுங்கள். பின்சில்லுதானே இழுக்கிறது என்று இரண்டை மட்டும் மாற்றினால் கார் புறப்படும், ஆனால் வளைவில் மூக்கு உங்கள் சொல் கேட்காது. காரின் வேகத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ற வகைதானா என்று கேளுங்கள். கார் கொம்பனி அனுமதிக்கிற அளவுகளில் சிறிய சில்லையும் ஒடுங்கிய டயரையும் எடுங்கள். அகலமான டயர் பனிக்கு மேலே மிதக்கும், ஒடுங்கினது வெட்டிக்கொண்டு இறங்கும். காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். பூக்கள் பூக்கத் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், சூட்டில் அது களிமண் மாதிரி நெளியும். டயரின் வரிப்பள்ளம் சட்டம் அனுமதிக்கிற ஆழத்துக்குத் தேயும்வரை வைத்திருக்கவும் வேண்டாம். பாதி தேய்ந்த விண்டர் டயர் வெறும் டயர்தான்.

சிறிய சில்லு என்றேனே, அதில்தான் ஒரு கலியாணத்தின் கரைச்சல் தொடங்கியது.

கலியாணம் நிர்மலா அக்காவின் அண்ணன் மகளுக்கு. பெண்ணின் பெயர் அபிராமி, வீட்டில் அபி. தகப்பன் தவராசா அங்கிள் லண்டனுக்கு வந்த காலத்தில் ஒரு ரயில் பாலத்துக்குக் கீழே கார் கழுவியவர். அபி சின்னப்பிள்ளையாக இருந்தபோது, தான் கழுவுகிற மாதிரி ஒரு காரில் உன்னை எங்கள் சொந்த வீட்டு வாசலில் இருந்து கலியாணத்துக்கு அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறார். அப்போது அவர்களுக்குச் சொந்த வீடும் இல்லை, வாசலும் இல்லை. இதை எனக்குச் சொன்னவர் அக்கா. ஆகவே அங்கிள் அந்தக் காரைக் கேட்டது பகட்டுக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

கலியாணத்துக்கு முதல் கிழமை, வீடியோவில் வடிவாக இருக்கப் பெரிய கறுப்புச் சில்லைப் பூட்டித் தரமுடியுமா என்று கேட்டார். சின்னச் சில்லோடு பார்க்க, காலுக்கு அளவில்லாத சப்பாத்துப் போட்ட மாதிரி இருக்கிறதாம். அது உண்மைதான். ஆனால் ஸ்னோ வரும் என்று வானிலை அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. சில்லு மாறினால் நான் வரமாட்டேன் என்றேன். அக்கா அதை அப்படியே அண்ணனுக்குச் சொன்னார்.

ஸ்னோ சொன்னபடி வந்தது. காலையில் முழுப் பேட்டையும் வெள்ளையாகக் கிடந்தது. கார் கூரையில் இருந்த பனியை முழுதாகத் துடைத்தேன். கூரையில் விட்டுவிட்டு ஓடினால், பிரேக் பிடிக்கும்போது அது மொத்தமாக வழுகி முன்கண்ணாடியில் விழும், உலகமே மறைந்துவிடும். தடித்த பூட்ஸைக் கழற்றிவிட்டு மெல்லிய அடியுள்ள சப்பாத்தைப் போட்டேன். கால் விரலுக்குப் பெடல் பேசுவது கேட்கவேண்டும். பேட்டைக்குள் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓடி ஒருமுறை பிரேக்கை அழுத்தி, இன்றைக்கு நிலம் என்ன தருகிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"போவியா, மாட்டியா?" என்று கேட்டார் அக்கா, பட்டுச்சேலையோடு மண்டபத்துக்குப் புறப்பட்டபடி.

போவேன் என்றேன்.

பெரிய ரோடுகளில் பனி உருகக் கவுன்சில் உப்புப் போட்டிருந்தது. ஸ்ட்ரெதமில் அவர்கள் வீட்டுத் தெரு ஒரு சரிவு, அங்கே உப்பு வரவில்லை. இரண்டாம் கியரில் மெதுவாக ஏறினேன். புதுப் பனியில் டயர் நொறுக்நொறுக் என்று வெட்டி ஏறியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டின் முன்னால் கார் ஏற்றும் இடம் வாசலில் இருந்து தெருவுக்கு நல்ல சரிவாக இறங்கியது. மேலே கதவோடு அங்கிளின் நான்கு சில்லும் இழுக்கிற பெரிய கார் நின்றது. கீழே நடைபாதையில் வீடியோக்காரர், உறவுக்காரர்கள், பூச்சட்டையும் பட்டுப்பாவாடையுமாகப் பிள்ளைகள். அக்கம்பக்கம் எல்லாம் வெள்ளையாக இருக்க, அவர்களுடைய சரிவில் மட்டும் ஒரு துளி பனி இல்லை. பளபளவென்று இருந்தது. கிட்டப் பார்த்தால் இலேசான மஞ்சள்.

காரைத் தெருவில் மட்டமான ஓரிடத்தில் விட்டு, சில்லைக் கரைப் பக்கம் திருப்பிவைத்து இறங்கினேன். அந்தச் சரிவில் ஒரு கால் வைத்தேன். கால் தன்பாட்டில் தெருவுக்கு வந்தது.

தவராசா அங்கிள் வேட்டி சால்வையோடு வாசலில் நின்று கையசைத்தார். "ஏன் பிள்ளை றோட்டில விட்டனீர்? உள்ளுக்கு எடும். விடியவே எழும்பி ஸ்னோ முழுக்க வழிச்சுப்போட்டம். ஆன்ரி சுடுதண்ணியில மஞ்சள் கரைச்சு வடிவாக் கழுவித் தெளிச்சும் விட்டவ. பாரும், ஒரு துண்டு ஸ்னோ கிடக்கே?"

"அதுதான் அங்கிள் கரைச்சல். ஸ்னோ கிடந்திருந்தால் ஏத்தியிருப்பன்."

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் விடியற்காலை வாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பது அவர்கள் வழக்கம். ஊரில் அது வெயிலில் காயும். ஸ்ட்ரெதமில் அது உறைந்து கண்ணாடியாகிவிட்டது. அபியின் தாய், ஆன்ரியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பாவம், கைவிரல் சிவக்கச் சிவக்கப் பானை பானையாகச் சுமந்து ஊற்றியிருக்கிறார். மகளுக்கு நல்லது என்றுதான் ஊற்றினார்.

"விசேஷ டயர் எண்டெல்லோ தங்கச்சி சொன்னவள்?" என்றார் அங்கிள்.

"ஸ்னோவுக்கு விசேஷம் அங்கிள். கண்ணாடிக்கு ஒரு டயரும் இல்லை."

ஆரத்தி கார்க் கதவடியில் எடுக்கவேண்டும், பெண் வாசற்படியில் இருந்து நேரே காருக்குள் கால் வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மெல்லமாக ஏற்றிப் பார்க்கலாமே என்றார். ஏற்றினாலும் நிற்காது, அபியை உள்ளே வைத்துக்கொண்டு கீழே நிற்கிற பிள்ளைகளுக்கு மேலே வரும் என்றேன். சுற்றி நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். தன் வீட்டு வாசலில், தன் சொந்தக்காரர் முன்னால், காரோட்ட வந்த பெட்டை மாட்டேன் என்று நிற்கிறாள். அவர் தொலைபேசியை எடுத்துத் தங்கச்சிக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் போட்டார்.

நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அக்கா என்னைக் கேட்டார். "றெஜினா, உள்ளுக்கு எடுப்பியா, மாட்டியா?"

"மாட்டன் அக்கா."

"சரி. அண்ணை, அபியை றோட்டுக்கு நடந்து வரச்சொல்லுங்கோ."

"உன்ர சொந்த மருமகளடி."

"அதுதான் அண்ணை," என்றார் அக்கா. தொலைபேசி வைக்கப்பட்டது.

அங்கிள் உள்ளே போய்த் தன் காரின் திறப்போடு வந்தார். இது நான்கு சில்லும் இழுக்கும், இதை இறக்கிவிட்டு இடம் எடுத்துத் தாறன், பிறகு பார்ப்போம் என்றார். இழுப்பதற்கு நான்கு சில்லு உதவும், நிறுத்துவதற்கு உதவாது என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கேட்கிற நிலை இல்லை. ஆகவே கீழே நின்றவர்களிடம் போனேன். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் புல்லுக்குத் தள்ளினேன். வீடியோக்காரர் நகரமாட்டேன் என்றார், இங்கேதான் வெளிச்சம் நல்லதாம்.

"அண்ணை, வெளிச்சம் நல்லதுதான். கால் ரெண்டும் வேணுமெண்டா அங்கால வாங்கோ."

முணுமுணுத்துக்கொண்டு கமராவைத் தூக்கினார்.

அங்கிள் கைப்பிரேக்கை விட்டு, கார் அசைந்ததும் கால்பிரேக்கை அழுத்தியதுதான். சில்லுகள் சுற்றவே இல்லை. நான்கும் அசையாமல் நிற்க, அவ்வளவு பெரிய கார் சத்தமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் குறுக்காகத் திரும்பியது. வீடியோக்காரர் நின்ற இடத்தைத் தாண்டி, தெருப் படலைத் தூணில் மோதி, செங்கல் இரண்டைக் கழற்றிவிட்டு நின்றது.

அங்கிள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே இருந்தார். புல் பக்கத்துக் கதவைத் திறந்து கைகொடுத்தேன். அடி ஒன்றும் இல்லை. இறங்கியவர் காரைப் பார்க்கவில்லை. தூணடியைப் பார்த்தார்.

"இதில ஆரும் நிண்டவையே?"

"நிண்டவை அங்கிள். இப்ப இல்லை."

சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். குளிரில் அவருக்கு வியர்த்திருந்தது.

சரிவுக்கு அருகே அவர்களுடைய புல்தரை இருந்தது. யாரும் வழிக்காத, யாரும் மிதிக்காத பனி. அதில் நடந்தால் கால் வழுகாது என்றேன். ஒரு பெரியம்மா உள்ளே இருந்து உப்பும் மிளகாயும் கொண்டுவந்து, இது பொல்லாத கண்ணூறு, சுற்றிப்போட வேண்டும் என்றார். மிளகாய் வேண்டாம், உப்பு மட்டும், வீட்டில் இருக்கிறதெல்லாம் கொண்டுவாருங்கள், சரிவில் கொட்டுவோம் என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது சரிவந்தது.

அபி வாசலுக்கு வந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே வெள்ளை ஓட்டச் சப்பாத்து. "இட்ஸ் ஃபைன் அப்பா. நடப்பம்," என்றாள்.

அங்கிள் முன்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பனியை அமத்தி மிதித்து, மகள் தன் அடியிலேயே அடிவைக்கட்டும் என்று சின்னச் சின்னதாக எட்டுவைத்தார். ஒரு கையைப் பின்னால் நீட்டி அவள் கையைப் பிடித்திருந்தார். வீடியோக்காரரின் கமரா சுற்றிக்கொண்டிருந்தது, யாரும் சொல்லாமலே.

தெருவிலேயே கார்க் கதவடியில் ஆரத்தி எடுத்தார்கள். தண்ணீர் சில்லுக்கு முன்னால் உறைந்துவிடும் என்று தேங்காயைக் காருக்குப் பின்னால் உடைக்கச் சொன்னேன். சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைப்பதென்றால், இழுக்காத முன்சில்லுக்கு மட்டும் என்றேன். அங்கிள் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. முன்னால் என் பக்கத்தில் ஏறினார். ஆன்ரியும் அபியும் பின்னால்.

இறக்கம்தான் கடினம். தாழ்ந்த கியரில் விட்டு, எஞ்சினே காரைப் பிடித்துக்கொள்ள, பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். பாதித் தெருவில் ஒரு வான் குறுக்கே நின்று சில்லைச் சுழற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் கண்டதுமே, கால் பெருவிரலால் அழுத்துவதுபோலப் பிரேக்கைத் தொட்டு நிறுத்தினேன். வானுக்கும் எங்களுக்கும் இடையில் ஏழெட்டுக் கார் நிற்கலாம். சுபநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஆன்ரி மெதுவாகத் தேவாரம் சொல்லத் தொடங்கினார். ஒதுக்கிப் போகலாமே என்று அங்கிள் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வான்காரன் தானாக ஒதுங்கும்வரை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடம் கிடைத்ததும் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நீளமாக வளைத்து, வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராகக் கடந்தேன். வழுகுகிற நிலத்தில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யவேண்டும். திருப்பினால் திருப்பவேண்டும், நிறுத்தினால் நிறுத்தவேண்டும்.

மண்டபத்து வாசலில் நிர்மலா அக்கா நின்றார். என்னைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். பிறகு அண்ணனின் காதில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை வரவில்லை. மாப்பிள்ளைதான் முதலில் வந்து மணவறையில் இருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நோர்பரியில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். வேறு எங்கோ எடுத்த ஒரு வேகக் கார், கோடை டயரோடு, அந்த வீட்டு ஏற்றத்தில் பாதியில் நின்று சில்லைச் சுழற்றிக்கொண்டிருக்கிறதாம். வாடகைக் கார்கள் எல்லாம் வரமறுத்துவிட்டன. ஐயர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிள் திரும்பி என்னிடம் வந்தார். "பிள்ளை, நோர்பரிக்குப் போவீரோ? ஏலாதெண்டாச் சொல்லும், நான் கோவிக்கமாட்டன்."

அந்தப் பக்கத்து ரோடு எனக்குத் தெரியும். உப்புப் போட்டிருப்பார்கள். போவேன் என்றேன்.

உடனே தொலைபேசியை எடுத்துச் சம்பந்திக்கு அடித்தார். குரல் தெளிவாக இருந்தது. "கார் வருது. உள்ளுக்கு வராது, றோட்டிலதான் நிக்கும். மாப்பிள்ளையை நடந்து வரச்சொல்லுங்கோ. ஸ்னோவை வழிக்க வேண்டாம். வாசலில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தவேண்டாம். கார் ஓடிவாற பிள்ளை எதைச் சொல்லுதோ அதைச் செய்யுங்கோ."

நோர்பரியில் தெருமுனையிலேயே மாப்பிள்ளை நின்றார். தலைப்பாகையில் பனி விழாமல் தாய் குடை பிடித்திருந்தார். முன்சீற்றில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நான் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"அக்கா, மாமா ஏன் வாசலில தண்ணி ஊத்தவேண்டாமெண்டு அவ்வளவு சொன்னவர்?"

"அதை அவரே ஒரு நாளைக்குச் சொல்லுவார் தம்பி. நீங்களாக் கேக்காதேங்கோ," என்றேன்.